மாலை சுற்றிப் பிறந்தவன்

தங்கச்சியின் ஒன்பதாம் மாத ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது, தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் ஒரு சுற்று சுற்றியிருக்கிறது என்று. டாக்டரம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு குழந்தைக்கு ஒன்று அப்படித்தான் பிறக்கிறது, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, நார்மலுக்கே பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து தங்கச்சி அதைச் சொன்னதும் அப்பத்தா என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.

"மாலை சுத்திப் பொறந்தா மாமனுக்கு ஆகாதுய்யா. மொதல்ல எண்ணெயில மொகம் பாக்கணும், அப்புறந்தான் நேர்ல பாக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லித்தருகிறவன். சிரித்து வைத்தேன். ஆனால் அப்பத்தா ஆஸ்பத்திரிப் பையில், துணிகளுக்கு நடுவே, மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் நல்லெண்ணெய் எடுத்து வைத்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

வலி எடுத்த இரவு மாப்பிள்ளை ஊரில் இல்லை. மறுநாள் காலைதான் வந்து சேர முடியும். அதனால் ஆரம்ப வலியின்போது தங்கச்சி பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி, ஒரு மெஷினில் குழந்தையின் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. 140, 142, 138. வலி ஏறும்போது அந்த எண் இறங்கும். 120, 105, 90. ஒருமுறை 84. வலி அடங்கியதும் மெல்ல ஏறி மறுபடி 140-ல் வந்து நிற்கும். என் கை சில்லிட்டுவிட்டது. நர்ஸ் வந்து தங்கச்சியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். "வலி வர்றப்ப கொடி நசுங்குது சார். விட்டதும் தேறிடுது பாருங்க. நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார். சிறிது நேரத்தில் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பயத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி அரித்தது. பதினேழு வருடமாக நான் வகுப்பில் சொல்வது ஒன்றுதான்: ஆபத்து வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும். சண்டை போடு, இல்லாவிட்டால் ஓடு. (ஆங்கிலத்தில் 'flight' எனப்படும் இந்த 'ஓட்டம்' ஒரு கைடில் 'பறத்தல்' என்று அச்சாகி, ஒரு வருடம் முழுக்கப் பிள்ளைகள் அட்ரினலினைப் பறக்கும் ஹார்மோன் என்றே எழுதினார்கள்.) என் இதயம் அந்த நேரத்தில் பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. ஆனால் மூச்சுக்குத் தட்டுப்பாடு வந்த அந்தக் குழந்தையின் இதயம் எதற்காக மெதுவாகிறது? தோற்றுக்கொண்டிருக்கிறதா?

இல்லை என்பது எனக்குத் தெரியவர நான்கைந்து மாதம் ஆனது. அந்த மாதங்களில் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எவரெஸ்ட். 2007 மே மாதம் உச்சியைத் தொட்டு இறங்கிய பிரிட்டிஷ் மருத்துவர் குழு ஒன்று 8,400 மீட்டர் உயரத்தில் நின்று, அந்தக் குளிரில் உடையைத் திறந்து, நான்கு பேரின் தொடைத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தது. அதை 6,400 மீட்டரில் இருந்த முகாமுக்கு ஒரு ஷெர்பா சுமந்து இறங்கினார். அங்கே அளந்தபோது ஆக்சிஜன் அழுத்தம் சராசரியாக 24.6 மில்லிமீட்டர் பாதரசம். ஒருவருக்கு 19.1. சமவெளியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அது 95-லிருந்து 100 வரை இருக்கும்.

தாயின் வயிற்றில் சுகமாக இருக்கும், எந்தக் குறையும் இல்லாத குழந்தையின் தமனியில் எவ்வளவு? 20-லிருந்து 25. நஞ்சுக்கொடியிலிருந்து புதிதாக வரும் நல்ல ரத்தத்திலேயே 30, 35-ஐத் தாண்டாது. கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் ஜோசப் பார்கிராஃப்ட் இதைக் கருவறைக்குள் இருக்கும் எவரெஸ்ட் என்றார். வாய்க்கு வந்த உவமையாக அவர் அதைச் சொல்லவில்லை. 1920-ல் ஆக்சிஜனைக் குறைத்த கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் தானே அடைந்து கிடந்தவர் அவர். அடுத்த ஆண்டே பெரு நாட்டின் செர்ரோ தெ பாஸ்கோ மலைச்சுரங்க ஊருக்கு ஒரு குழுவோடு ஏறிப்போனார். அதன் பிறகுதான் ஆட்டுக்குட்டிகளின் கரு வாழ்க்கைக்கு வந்தார்.

மலையேறிகள் திணறும் அதே அளவில் குழந்தை கொழுகொழுவென்று வளர்கிறது. அதன் ஹீமோகுளோபின் வேறு வார்ப்பு. குறைந்த அழுத்தத்திலும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே 25 என்பது அதற்குப் பஞ்சம் கிடையாது, அன்றாடம். அந்த அன்றாடத்துக்கும் கீழே போனால்தான் பஞ்சம். கருப்பை ஒவ்வொரு முறை இறுகும்போதும் நஞ்சுக்கொடிக்கு வரும் தாயின் ரத்தம் சற்றுத் தடைப்படுகிறது. தொப்புள்கொடி நசுங்கினால் இன்னும் கொஞ்சம். ஒரு நிமிடம் பஞ்சம், இரண்டு நிமிடம் விடுதலை என்று பல மணி நேரம் போகும் இரவு அது.

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் குறைந்த வருடம் நீர்ப்பாய்ச்சி என்ன செய்வார் என்று நான் பார்த்திருக்கிறேன். எல்லா மடையையும் அரைகுறையாகத் திறந்து வைக்கமாட்டார். எதைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த வயலுக்கு மட்டும் விட்டு, மற்றதை அடைப்பார். குழந்தை செய்வதும் அதுவே. கழுத்துத் தமனிப் பக்கம் உள்ள உணர்விகள் ஆக்சிஜன் குறைவதைக் கண்டதும் நரம்பு வழியே இதயத்தை மெதுவாக்குகின்றன. மெதுவாக அடிக்கும் இதயம் ஆக்சிஜனைக் குறைவாகச் செலவழிக்கும். மூச்சசைவுகளும் நின்றுவிடும். வயிற்றுக்குள் குழந்தை மூச்சு விடுவதுபோல மார்பை அசைத்துப் பழகிக்கொண்டிருக்கும் அல்லவா, அந்தப் பழக்கத்தைத்தான் நிறுத்துகிறது. நாம் மூச்சு முட்டினால் வேகவேகமாக இழுப்போம். அங்கே இழுத்தும் பயனில்லை, உள்ளே தண்ணீர்தானே.

நரம்பு முதல் அடியை எடுத்துவைக்கிறது. மடைகளை அடைத்து, அடைத்தபடியே வைத்திருப்பது ஹார்மோன்களின் வேலை. அட்ரினலினின் உடன்பிறப்பான நார் அட்ரினலின், வாசோபிரசின், ஆஞ்சியோடென்சின் எல்லாம் ஏறுகின்றன. கை, கால், தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் நாளங்கள் சுருங்க, மூளை, இதயம் என்ற இரண்டுக்கும் ரத்தம் திரும்புகிறது. மூன்றாவதாக ஒன்றுக்கும் கூடுதல் ரத்தம் போகிறது. அது அட்ரினலினும் நார் அட்ரினலினும் சுரக்கும் அட்ரினல் சுரப்பி. நீர்ப்பாய்ச்சி தன் வயலுக்கும் ஒரு மடை திறந்துகொள்கிறார்.

பிறக்கும் குழந்தையின் அட்ரினல் அதன் சிறுநீரகத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு இருக்கும். வளர்ந்தவர்களுக்கு அது சிறுநீரகத்தின் மேல் கவிழ்த்த சின்னத் தொப்பிதான். அதோடு, வயிற்றுக்குள் பெருந்தமனியை ஒட்டி, இதே வகைச் செல்கள் கூடிய ஒரு திரள் குழந்தைக்கு உண்டு. 1901-ல் உடற்கூறியல் அறிஞர் எமில் சுக்கர்காண்டல் விவரித்ததால் அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் நார் அட்ரினலின் சுரக்கும். பிறந்த பிறகு அது மெல்லச் சுருங்கி மறைந்துவிடுகிறது. நான் படித்த எந்தப் பாடநூலிலும் இது இல்லை, நான் நடத்தும் நூலிலும் இல்லை.

இந்தக் கதையில் என்னை எழுந்து உட்காரவைத்த இடம் கேம்பிரிட்ஜில் ஆர். எஸ். காம்லைன், மேரியன் சில்வர் இருவரும் 1961-ல் வெளியிட்ட வேலை. அட்ரினலின் சுரக்க வேண்டுமென்றால் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக நரம்பு வந்து சுரப்பிக்குக் கட்டளை கொடுக்க வேண்டும் என்பது வகுப்பறை விதி. இவர்கள் மயக்க மருந்து கொடுத்த செம்மறி ஆடுகளின் குட்டிகளை, தொப்புள்கொடி தாயோடு இணைந்திருக்கும்போதே, ஆராய்ந்தார்கள். அட்ரினலுக்கு வரும் நரம்பை வெட்டினார்கள். பிறகு மூச்சுமுட்டலை உண்டாக்கி, சுரப்பியிலிருந்து வெளியேறும் ரத்தத்தை அளந்தார்கள். நரம்பே இல்லாமல் ஹார்மோன் கொட்டியது. அதுவும் பெரும்பாலும் நார் அட்ரினலின். குட்டி எவ்வளவு இளசோ அவ்வளவுக்கு நரம்பின் தேவை குறைவு. பிரசவ நாள் நெருங்கிய குட்டிகளில்தான் நரம்பு மெல்லப் பொறுப்பேற்கிறது, அட்ரினலினும் கூடுகிறது.

அதாவது மூளை இன்னும் கம்பி இழுத்து முடிக்காத காலத்தில் சுரப்பி யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்ததை அதன் செல்லே முகர்ந்துவிடுகிறது. எப்படி என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் காலின் நர்ஸ் குழுவினர் எலிக்குட்டிகளின் செல்களைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் குறைந்தால் செல் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாசல்கள் மூடுகின்றன. செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் நுழைந்ததும் ஹார்மோன் நிரம்பிய பைகள் வெளியே கொட்டுகின்றன. இவ்வளவும் ஒரே செல்லுக்குள்.

எலி அரைவேக்காடாகப் பிறக்கும் பிராணி. அதன் அட்ரினலுக்கு நரம்பு சரியாக வந்து சேர்வதே பிறந்து ஒரு வாரத்துக்குப் பிறகுதான். நரம்பு வந்து நிலைத்ததும் செல்லின் அந்த மோப்பம் போய்விடுகிறது. வளர்ந்த எலியின் அட்ரினல் செல்லுக்கு ஆக்சிஜனைக் குறைத்தால் அது பெரிதாக அசைவதில்லை. எசமான் வந்தாயிற்று, இனி சொன்னால்தான் செய்யும். எனக்கு இதில் ஒரு சின்ன வருத்தம்கூட உண்டு.

இந்த ஹார்மோன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. 1995-ல் சியாட்டிலில் ரிச்சர்ட் பால்மிட்டரின் ஆய்வகம் நார் அட்ரினலின் தயாரிக்க முடியாத எலிகளை மரபணு மாற்றி உருவாக்கியது. பெரும்பாலானவை பிறக்கவே இல்லை. கருவிலேயே பாதி வழியில், இதயம் தளர்ந்து இறந்தன. தாய்க்கு அந்த ஹார்மோனாக மாறும் ஒரு பொருளைக் கொடுத்தபோது குட்டிகள் பிழைத்தன. அதுவரை நான் அட்ரினலினை ஆபத்து நேரத்துச் சரக்கு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தியோடர் ஸ்லாட்கின் இன்னொன்றைப் பார்த்தார். கர்ப்பமான எலிகளுக்கு நிக்கோடின் கொடுத்தால், பிறக்கும் குட்டிகளின் அட்ரினல் ஆக்சிஜன் குறையும்போது ஹார்மோனைக் கொட்டுவதில்லை. அந்தக் குட்டிகள் பஞ்சத்தைத் தாங்காமல் அதிகம் இறந்தன. மோப்பம் மழுங்கிவிட்டது. இதை அப்பத்தாவிடம் ஒருநாள் என் பாணியில் விளக்கினேன். வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பழகிய வாய் அது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அஞ்சு பெத்தேன், ஒண்ணு தங்கல" என்றது. அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு சாவுக்கு இப்போது காரணம் ஒட்ட யாராலும் முடியாது. ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

சரி, மறுபடி லேபர் வார்டு. ஒவ்வொரு வலிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் இந்த ஹார்மோன் குழந்தை வெளியே வரும் நேரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. ஸ்டாக்ஹோமில் ஹ்யூகோ லாகர்கிரான்ட்ஸ் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இதை அளந்தார். பிறகு அவரும் ஸ்லாட்கினும் சேர்ந்து 1986-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் சொல்லும் ஒப்பீடு நம்ப முடியாதது: பெற்றுக்கொண்டிருக்கும் தாயைவிட, மாரடைப்பு வந்த மனிதரைவிடக் குழந்தையின் அளவு அதிகம். ஒரு பெரியவரின் ரத்தக்குழாய் தாங்காத அளவு அது.

இவ்வளவும் எதற்கு? ஒரு பெரும் பங்கு நுரையீரலுக்கு. பிறக்காத குழந்தையின் நுரையீரலில் கிலோ ஒன்றுக்கு 25-லிருந்து 30 மில்லி திரவம் இருக்கும். மூன்று கிலோ குழந்தைக்குக் கிட்டத்தட்ட அரை டம்ளர். அது பனிக்குட நீர் இல்லை, நுரையீரலே சுரப்பது. அது சுரந்தால்தான் நுரையீரல் விரிந்து வளரும். ஆனால் வெளியே வந்த நிமிடத்தில் அதே திரவம் எமன். 1978-ல் லண்டனில் வால்டர்ஸும் ஆல்வரும் ஆட்டுக்குட்டிக் கருக்களில் காட்டியது இது: அட்ரினலின் ஏறினால் நுரையீரல் சுரப்பதை நிறுத்திவிட்டு உறிஞ்சத் தொடங்குகிறது. சோடியத்தை உள்ளிழுக்கும் வாசல்கள் திறக்க, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. அந்தச் சோடியம் வாசல் இல்லாமல் உருவாக்கப்பட்ட எலிக்குட்டிகள் பிறந்து 40 மணி நேரத்துக்குள், திரவத்தை வெளியேற்ற முடியாமல் இறந்ததை 1996-ல் கண்டார்கள்.

கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனின் கதை இதற்குப் பக்கத்து வீடு. ஆக்சிஜன் குறைந்தால் குழந்தையின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தூண்ட, அட்ரினல் சுரப்பியின் வெளிப்பகுதி கார்டிசாலையும் ஏற்றும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ் பிரசவத்தை யார் தொடங்கிவைக்கிறார் என்று தேடி, ஆட்டுக்குட்டிக் கருக்களுக்கு இந்த வகை ஸ்டீராய்டு கொடுத்தார். ஆடுகள் முன்கூட்டியே ஈன்றன. அது அவர் எதிர்பார்த்தது. எதிர்பாராதது, பிழைக்கவே முடியாத பிஞ்சு வயதில் பிறந்த குட்டி மூச்சுவிட்டது. 1972-ல் அவரும் ராஸ் ஹோவியும் 282 தாய்மாரிடம் செய்த சோதனையை வெளியிட்டார்கள். இன்று நம் ஊரில் எட்டாம் மாதமே வலி வந்த பெண்ணுக்கு 'லங்ஸ் வளர ஊசி போட்டிருக்காங்க' என்று சொல்கிறார்களே, அந்த ஊசி அங்கிருந்து வந்தது.

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியவை. சிசேரியனையே பழிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். என் கோபம், நட்சத்திரம் போய்விடும் என்று 37-ஆம் வாரத்தில், வலியே தொடங்காத வயிற்றைத் திறக்கச் சொல்பவர்கள்மேல். வலி வராமல் எடுக்கப்படும் குழந்தைக்கு அந்த ஹார்மோன் வெள்ளம் குறைவாகவே இருக்கும். நுரையீரலில் திரவம் தங்கி, மூச்சு வேகமாகி, சில நாள் இன்குபேட்டரில் வைத்திருப்பார்கள். முன்பே நாள் குறித்துச் செய்த சிசேரியன்களை வைத்து 2009-ல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வு, 39 வாரத்தில் எடுத்தவர்களைவிட 37-ல் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுக்கோளாறு அதிகம் என்று தெளிவாகக் காட்டியது. வேறு காரணம் இல்லாதபோது 39 முடியும்வரை பொறுங்கள் என்று டாக்டர் சொன்னால், அந்த வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. எங்கள் சொந்தத்திலேயே ஒரு வீட்டில் ஜோசியர் சொன்ன நேரத்துக்காக டாக்டரோடு சண்டை போட்டார்கள். நான் வாயைத் திறந்தேன், அதன் பிறகு அந்த வீட்டுப் பத்திரிகை எனக்கு வருவதில்லை.

ஆனால் ஆக்சிஜன் குறைவது நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நிமிடப் பஞ்சம் வேறு, மாதக்கணக்கான பஞ்சம் வேறு. நஞ்சுக்கொடி சரியாக அமையாமல், அல்லது தாய்க்கு ரத்தக்கொதிப்பு ஏறி, வாரக்கணக்கில் ஆக்சிஜன் குறைவாகவே வந்தால் இதே நார் அட்ரினலின் குழந்தைக்கு எதிராகத் திரும்புகிறது. அது கணையத்தில் இன்சுலினை அடக்கிவைக்கும். வயிற்றுக்குள் இன்சுலின் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதோடு நிற்பதில்லை, குழந்தையை வளர்ப்பதே அதுதான். அடங்கினால் குழந்தை சிறுத்துப்போகும். மடையை அடைத்தே வைத்திருந்தால் அடைபட்ட வயல் காயத்தானே செய்யும்.

கலிஃபோர்னியாவில் வெள்ளை மலை என்ற இடத்தில், 3,820 மீட்டர் உயரத்தில், ஒரு ஆராய்ச்சி நிலையம் உண்டு. லோமா லிண்டா பல்கலைக்கழகத்தார் சினை ஆடுகளைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அங்கே ஏற்றி, ஈனும் காலம் நெருங்கும்வரை வைத்திருந்தார்கள். அந்தக் குட்டிகளின் ரத்தத்தில் அட்ரினலைத் தூண்டும் ஹார்மோன் கூடியிருந்தது. அப்படியென்றால் கார்டிசாலும் கொட்டியிருக்க வேண்டும். இல்லை, சாதாரண அளவில்தான் இருந்தது. சுரப்பி தன்னைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓயாமல் கார்டிசால் ஏறினால் ஆட்டில் பிரசவமே முன்னால் வந்துவிடும், வளர்ச்சியும் நிற்கும். ஆனால் அந்தக் குட்டிக்கு மேற்கொண்டு ஒரு திடீர் நெருக்கடி கொடுத்தால், சமவெளிக் குட்டியைவிட அதிகமாகக் கார்டிசாலைக் கொட்டியது. மாதக்கடைசியில் செலவைச் சுருக்கிப் பிடித்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் மட்டும் அரிசிப் பானைக்குள் வைத்த பணத்தை எடுப்பவளைப் போல. பிறக்காத ஓர் ஆட்டுக்குட்டிக்கு இந்தக் குடித்தனம் தெரிகிறது என்பதைப் படித்த அன்று நான் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பிளஸ் டூ வகுப்பில், பாடத்தை விட்டுவிட்டு, ஒரு பீரியட் முழுக்கப் பேசினேன். கடைசி பெஞ்சில் ஒருவன் கேட்டான், "இது எக்ஸாமுக்கு வருமா சார்?" வராது.

அன்றிரவுக்கு வருகிறேன். வராந்தாவில் மணி இரண்டு, மூன்று. கதவுக்குப் பின்னால் அந்த மெஷினின் டக் டக் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. மெதுவாகும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அவனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான் என்பது அப்போது தெரியாது. நாலு மணி தாண்டி அழுகைச் சத்தம் கேட்டது. ஆண் குழந்தை, நார்மல், இரண்டு கிலோ தொள்ளாயிரம். கொடி ஒரு சுற்றுதான், தலை வந்ததும் கழற்றிவிட்டோம் என்று நர்ஸ் சொன்னார்.

அரை மணி நேரம் கழித்துத் துணியில் சுற்றி அவனை வெளியே கொண்டுவந்தபோது நான் எழுந்தேன். அப்பத்தா என் சட்டையைப் பிடித்து இழுத்து, முதுகைக் காட்டி நிற்கவைத்தது. டப்பாவைத் திறந்து என் கையில் கொடுத்தது. பின்னாலிருந்து நர்ஸ் சிரிப்பது கேட்டது. ஆனாலும் அவர் குழந்தையை என் தோளுக்கு மேலே, சரியான இடத்தில் கொண்டுவந்து சாய்த்துப் பிடித்தார். எத்தனை மாமன்களைப் பார்த்திருப்பார்.

எண்ணெய் ஆடி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. டியூப்லைட் வெளிச்சத்துக்கு நடுவே ஒரு சின்ன முகம். தூங்குவான் என்று நினைத்தேன். கண்ணை அகலத் திறந்து வைத்திருந்தான், அவ்வளவு கருப்பாக, கருவிழி முழுக்கக் கண்பாப்பாவே நிறைந்ததுபோல. அது நார் அட்ரினலின் இன்னும் வடியாததால் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

"பாத்துட்டியாய்யா?" என்றது அப்பத்தா.

"முழிச்சிருக்கான் அப்பத்தா."

"முழிச்சிருக்கட்டும். இப்பத் திரும்பு."